மேலே இருப்பவர்தான் மாட்டிக்கொண்டவர்!

'மண்ணைக் கவ்வினான்' என்றால் நம் ஊரில் தோற்றுப்போனான் என்று அர்த்தம். 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று கிண்டல் செய்வதும் அதை ஒத்துக்கொள்ளாதவர்களைத்தான். குஸ்தியிலும் இதே கணக்கு. இரண்டு தோளும் தரையில் பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. மல்லாந்து கிடப்பவர் தோற்றவர், மேலே இருப்பவர் ஜெயித்தவர். சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்.

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்ட விளையாட்டு. அதில் ஒருவர் வேண்டுமென்றே மல்லாந்து படுத்துக்கொள்வார். எதிராளி அவருடைய இரண்டு தொடைகளுக்கு நடுவே முட்டி போட்டு உட்கார்ந்திருப்பார். கீழே கிடப்பவர் தன் கால்களை எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, முதுகுக்குப் பின்னால் கணுக்கால்களைக் கோத்துப் பூட்டிவிடுவார். இதற்குப் பெயர் குளோஸ்டு கார்டு. பார்க்கிறவர்களுக்கு மேலே இருப்பவர் கை ஓங்கியிருப்பது போலத் தோன்றும். உண்மையில் அவரால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கீழே இருப்பவரோ நிதானமாக அவர் கழுத்தையும் கையையும் தேடிக்கொண்டிருப்பார்.

'புதுக்களம்' தொடரில் இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அந்தக் கால் பூட்டுக்குள் சிக்கியவர் எப்படித் தப்பித்து வெளியே வருகிறார் என்பதை. யூடியூபில் இதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால், பெரும்பாலானவை நேராக மூன்றாவது படியில் இருந்துதான் ஆரம்பிக்கின்றன. முதல் இரண்டு படிகளில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள்.

அதற்கு முன், இதற்கு நம்மிடமே இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. தென்மாவட்டங்களில் அடிமுறை கற்றுத்தரும் ஆசான்கள் 'பூட்டு', 'பிரிவு' என்பார்கள். கையையோ காலையோ மடக்கிப் பிடித்து நகரவிடாமல் செய்வது பூட்டு. அதில் இருந்து கழன்று வருவது பிரிவு. பூட்டைச் சொல்லிக்கொடுத்தால் அதற்கான பிரிவையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பது வழக்கம். குளோஸ்டு கார்டு ஒரு பூட்டு. நாம் பார்க்கப்போவது பிரிவு.

இன்னும் பழைய சாட்சியும் உண்டு. புறநானூற்றில் சாத்தந்தையார் என்ற புலவர் பாடிய 80-வது பாட்டு, ஒரு மற்போரின் நேரடி வர்ணனை. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன், ஆமூர் என்ற ஊரின் மல்லனை மடக்கிய காட்சி. ஒரு கால் எதிராளியின் மார்பின் மேல் மடங்கி அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் செய்கிற தந்திரங்களைத் தடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறது என்று, எந்தக் கால் எங்கே இருக்கிறது என்பதைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறார். ஜியு-ஜிட்சு மேட்டின் ஓரத்தில் நின்று கத்தும் கோச்சுகள் சொல்வதும் ஏறக்குறைய இதையேதான். 'வலது கால் எங்க? இடது கால் எங்க?'

சரி, களத்துக்கு வருவோம். களம் என்றால் எங்கள் ஊர் புளியறையில் என் சித்தி வீட்டுப் பட்டாசல்.

புளியறை தெரியாதவர்களுக்கு... செங்கோட்டை தாண்டி, கேரளாவுக்குள் நுழைவதற்கு முன்னால் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் கடைசி ஊர்களில் ஒன்று. தட்சிணாமூர்த்தி கோயிலுக்காக வியாழக்கிழமைகளில் வருகிறவர்களுக்குத் தெரியும். செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிக்காரர்களுக்கு ரொம்ப நன்றாகவே தெரியும். 2024 பிப்ரவரியில் எஸ் வளைவில் ஒரு லாரி கவிழ்ந்து ரயில் தண்டவாளத்தில் விழுந்தபோது, வயதான தம்பதி டார்ச் லைட்டோடு ஓடி ரயிலை நிறுத்தினார்களே, அந்த இடம்.

இந்த ஊரில் ஜியு-ஜிட்சு மேட் கிடையாது. ஆனால், சித்தி மகள் திருவனந்தபுரத்தில் காலேஜ் படிக்கிறாள். அங்கே ஒரு பயிற்சிக்கூடத்தில் ஒரு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். வெள்ளை பெல்ட். எடை 52 கிலோ. அவள் தம்பி பிளஸ் டூ, எடை 70-ஐத் தொடும். சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பழைய மெத்தை இரண்டைத் தரையில் போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்து, தம்பியைத் தன் காலுக்குள் பூட்டிவைத்துக் காட்டினாள்.

பயல் முதலில் சிரித்தான். ஒரு நிமிஷத்தில் சிரிப்பு நின்றது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழப்பார்த்தான். அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்து, எழுந்து உட்காருகிற மாதிரி இடுப்பைத் தூக்கினாள். அவன் உருண்டான். அடுத்த முறை ஒரு கையை மட்டும் பின்னால் இழுத்து அவள் தொடையைப் பிரிக்கப்பார்த்தான். ஒரு கால் அவன் தோளுக்கு மேல் ஏறிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மெத்தையை 'டப் டப்' என்று தட்டினான்.

அடுப்படியில் இருந்து எட்டிப்பார்த்த சித்திக்கு வந்ததே கோபம்.

"ஏட்டி, விடுட்டீ அவனை! இப்படிக் கால் போட்டுப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்கதுக்கா மாசம் மாசம் ரூவா கட்டுதேன்?"

"தம்பிதானம்மா. அங்க எனக்குச் சோடி பொம்பளப் பிள்ளையதான்."

"எல்லாம் பொம்பளப் பிள்ளையதானா?"

அவள் பதில் சொல்லவில்லை. பெண்கள் குறைவாக வரும் நாட்களில் பையன்களோடும் பயிற்சி செய்ய வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். சித்திக்கும் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. சித்தியின் சங்கடத்தை 'பழைய காலத்து ஆள்' என்று சொல்லி ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. எந்தத் தாய்க்கும் இந்த நிலையைப் பார்த்தால் ஒரு நினைப்பு வரும். ஒரு பெண்ணைத் தரையில் தள்ளி ஒருவன் மேலே வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அது. வாயால் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். பெண்களுக்கான தற்காப்பு வகுப்புகளில் இந்த கார்டு நிலையைச் சொல்லித்தருவதும் அதே பயத்துக்காகத்தான். அந்த நிலையிலும் கால்களால் தூரத்தைத் தீர்மானிக்கலாம், மேலே இருப்பவனை நிமிரவிடாமல் இறுக்கலாம், தள்ளிவிட்டு எழுந்து ஓடலாம் என்று அங்கே கற்றுக்கொள்கிறார்கள். அம்மா எதை நினைத்துப் பயப்படுகிறாளோ அதைத்தான் மகள் மெத்தையில் திரும்பத் திரும்பப் பழகுகிறாள். இதை நான் சொன்னபோது சித்தி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டதுதான் நல்ல கேள்வி.

"அப்ப இவன் எப்படி வெளிய வரணும்? அதையும் காட்டு, பாப்போம்."

தங்கை காட்டினாள். தம்பியைப் படுக்கவைத்து, தான் உள்ளே போய் முட்டி போட்டாள். இனி வருவதெல்லாம் அவள் காட்டியதும், நான் அதற்கப்புறம் தேடிப் படித்ததும்.

முதல் விஷயம், முதுகு. வஜ்ராசனத்தில் உட்காருவது நமக்குத் தெரியும். அதிலேயே முட்டிகளைக் கொஞ்சம் அகட்டிக்கொள்ள வேண்டும். கால் விரல்களைத் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், பாதத்தைப் படுக்கப்போடக் கூடாது. பிட்டம் குதிகாலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முதுகு நேராக, தலை நிமிர்ந்து, பார்வை எதிர்ச் சுவரில். எதிராளியின் முகத்தைப் பார்க்கக் குனிந்தாலே முதுகு வளைந்துவிடும். கீழே இருப்பவருக்கு வேண்டியது அந்த வளைவுதான். உங்கள் தலை அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டால் கழுத்து நெரிப்பு, கைமுறிப்பு, கவிழ்ப்பு எல்லாமே அவருக்குப் பக்கத்தில் கிடைக்கும். நீங்கள் நிமிர்ந்திருக்கும் வரை அவர் கைக்கு ஒன்றும் எட்டாது.

ஜியு-ஜிட்சுக்காரர்கள் இதை 'பாஸ்சர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். முதல் ஆறு மாதம் இதை மட்டும் கற்றுக்கொண்டாலே பாதிப் பேரிடம் தோற்க மாட்டோம் என்று தங்கை சொன்னாள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இரண்டாவது, கை. இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாட்டிக்கொண்டவரின் கை சும்மா இருக்காது. எங்காவது ஊன்றப்பார்க்கும், எதையாவது பிரிக்கப்பார்க்கும். தம்பி செய்த இரண்டையும் மறுபடி பாருங்கள்.

தரையில் கை ஊன்றினான். ஊன்றிய கை அங்கேயே நிற்கும், மணிக்கட்டைப் பிடிப்பது சுலபம். அதைப் பிடித்துக் கையை முதுகுப் பக்கமாக முறுக்கும் பூட்டுக்கு 'கிமுரா' என்று பெயர். ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, 1951-ல் ரியோவின் மரக்கானா ஸ்டேடியத்தில் பிரேசிலின் ஹீலியோ கிரேஸியை இந்தப் பிடியில்தான் மடக்கினார். ஹீலியோ கை முறிந்தும் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை, அவர் தரப்பில்தான் டவலை எறிந்தார்கள். தன்னைத் தோற்கடித்தவரின் பெயரையே அந்தப் பிடிக்கு வைத்துக்கொண்ட குடும்பம் அது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமும் அதுதான்.

அடுத்து, ஒரு கையை மட்டும் உள்ளே வைத்து இன்னொன்றைத் தொடைக்குப் பின்னால் கொண்டுபோனான். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்றால் அது முக்கோணப் பூட்டுக்கு நாமே கொடுக்கும் அழைப்பிதழ். எதிராளியின் கால்கள் உங்கள் கழுத்தையும் உள்ளே இருக்கும் அந்த ஒரு கையையும் சேர்த்து முக்கோணமாக இறுக்கும். கழுத்தின் ஒரு பக்கத்து ரத்தக் குழாயை அவர் தொடை அழுத்தும், மறுபக்கத்தை உங்கள் தோளே அழுத்தும். மூச்சு முட்டுவதற்கு முன்பே மூளைக்கு ரத்தம் குறைந்து, பத்து நொடி வாக்கில் நினைவு தப்பிவிடும்.

அப்போது கை எங்கே இருக்க வேண்டும்? இரண்டும் உள்ளே. ஜியு-ஜிட்சு சீருடையான 'கி' போட்டிருந்தால், ஒரு கை அவருடைய இரண்டு காலர் மடிப்பையும் சேர்த்து நெஞ்சுக்குக் கீழே பிடித்து அழுத்த வேண்டும். இன்னொரு கை அவர் இடுப்பெலும்புப் பக்கம். இரண்டு முழங்கையும் உங்கள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். நெஞ்சைப் பிடித்த கையைக் கழுத்து வரை நீட்டினால் அதைக் காலுக்கு நடுவே வைத்து முறிக்க வழி கிடைத்துவிடும். கீழே, வயிற்றுப் பக்கம் இருப்பது நல்லது. எதிராளி எழுந்து உட்கார முடியாதபடி தடுப்பதுதான் அந்தக் கையின் வேலை.

ஏற்கெனவே குனிந்துவிட்டால் என்ன செய்வது? அவர் உங்கள் தலையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்துவைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் கழுத்தை மட்டும் மேலே தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். அவர் இரண்டு கைக்கும் உங்கள் ஒரு கழுத்துக்கும் நடக்கும் போட்டியில் கழுத்து ஜெயிக்காது. நெற்றியை அவர் நெஞ்சின் நடுவிலேயே வைத்துவிட்டு, கைகளால் அவருடைய புஜங்களையோ இடுப்பையோ அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிகால் பக்கம் பின்னால் கொண்டுபோக வேண்டும். தூரம் கிடைத்ததும் முதுகும் இடுப்பும் சேர்ந்து நிமிரும், தலை தானாக வெளியே வரும். மாட்டுவண்டியில் நுகத்தை மாடு தலையால் தூக்குவதில்லை, உடம்பால்தானே இழுக்கிறது.

இந்த இரண்டும் அமைந்த பிறகுதான் மூன்றாவது படி, பூட்டைத் திறப்பது. இதில் பொதுவாக இரண்டு வழிகள்.

உட்கார்ந்தபடியே திறப்பது ஒன்று. ஒரு முட்டியை அவர் பிட்டத்துக்கு நடுவே, வால் எலும்புக்குக் கீழே வைத்து ஊன்ற வேண்டும். இன்னொரு காலைப் பின்னாலும் பக்கவாட்டிலும் நீட்டி, உடம்பைக் கொஞ்சம் சாய்கோணத்தில் திருப்ப வேண்டும். முழங்கைகளை அவர் தொடைகளுக்கு உள்பக்கம் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் உட்கார்ந்தால், கோத்த கணுக்கால்கள் மேல் அழுத்தம் ஏறி ஒரு கட்டத்தில் 'டொப்' என்று பிரியும். சிலர் முழங்கையால் தொடையைக் குத்திக் குத்தித் திறக்கப்பார்ப்பார்கள். வலிக்கும், அவ்வளவுதான். பழகியவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

எழுந்து நின்று திறப்பது இன்னொன்று. எடை குறைந்தவர்களுக்கு இதுதான் நல்லது என்பது தங்கையின் கட்சி, நானும் அந்தக் கட்சிதான். காரணம் எளிது. உட்கார்ந்திருக்கும்போது அவர் காலின் பலத்தோடு உங்கள் பலம் மோதுகிறது. நின்றுவிட்டால் அவர் இடுப்பின் எடை முழுக்க அவர் கணுக்காலிலேயே தொங்குகிறது. பூமியே உங்களுக்காக இழுக்கிறது.

ஆனால், நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் அவருடைய ஒரு சட்டைக் கையைப் பிடித்து அவர் வயிற்றோடு அழுத்திக்கொள்ள வேண்டும். பிடித்த பக்கத்துக் காலைத்தான் முதலில் ஊன்றி எழ வேண்டும். மாற்றிச் செய்தால் அவருடைய சும்மா இருக்கும் கை வந்து உங்கள் காலை வாரிக்கொள்ளும். பிறகு இரண்டாவது கால். நின்றதும் முன்னால் சாயாமல், முட்டியை லேசாக மடக்கி, இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை நிமிர்த்த வேண்டும். இன்னொரு கையால் அவருடைய ஒரு முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தினால் பூட்டு திறக்கும். அந்தச் சட்டைக் கையை மட்டும் கடைசி வரை விடக் கூடாது. விட்டால் அவர் உங்கள் இரண்டு குதிகாலையும் பிடித்து, இடுப்பால் தள்ளி, வாழைமரம் மாதிரி பின்னால் சாய்த்துவிடுவார்.

தங்கை இதைச் செய்துகாட்டியபோது 70 கிலோ தம்பியின் இடுப்பு மெத்தையை விட்டு ஒரு சாண் எழும்பியது. மூன்று நொடி தொங்கினான். கால் தானாக விட்டுப்போனது.

பூட்டு திறந்ததோடு வேலை முடியவில்லை. திறந்த கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்குப் போய் எதிராளியை அமுக்கிப் பிடித்தால்தான் முழுமை. சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி, காலைத் தாண்டி வந்து மூன்று நொடி அமுக்கிப் பிடித்தால் 3 புள்ளி. கீழே இருப்பவர் உங்களைக் கவிழ்த்து மேலே வந்தால் அவருக்கு 2. தாண்டும் முறைகள் பல இருக்கின்றன, அது தனிக் கட்டுரைக்கான சமாசாரம்.

இவ்வளவு வரிசை எதற்கு, பலம் இருப்பவன் தூக்கி எறிந்துவிட்டு வந்தால் ஆகாதா? அப்படி நினைத்தவர்கள் கதை நிறைய இருக்கிறது. நான் ஒன்றுதான் சொல்லப்போகிறேன்.

1994 டிசம்பர் 16, அமெரிக்காவின் டல்சா நகரம். நான்காவது யு.எஃப்.சி போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் டான் செவர்ன், சுமார் 118 கிலோ எடையுள்ள மல்யுத்த வீரர். இன்னொரு பக்கம், கை முறிந்தும் தோல்வியை ஒத்துக்கொள்ளாத ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேஸி. போர்த்துகீசிய மொழியில் பெயரின் முதலில் வரும் 'ர'-வை 'ஹ' மாதிரி சொல்வதால், அவர் ஊரில் 'ஹாய்ஸ்'. எடை சுமார் 80 கிலோ. செவர்ன் அவரைத் தரையில் தள்ளி மேலே ஏறிவிட்டார். பதினைந்து நிமிஷத்துக்கும் மேலாக மேலேயே இருந்தார். அன்றைக்கு டி.வி-யில் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஜியு-ஜிட்சு என்றால் என்னவென்று தெரியாது. பெரியவர் சின்னவரை நசுக்கிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். ராய்ஸ் கீழே இருந்தபடி காலை மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். 15 நிமிஷம் 49 நொடியில் முக்கோணப் பூட்டு விழுந்தது, செவர்ன் தட்டினார். ஆட்டம் இவ்வளவு நீளும் என்று யாரும் எதிர்பார்க்காததால் ஒளிபரப்பு நேரம் தாண்டிவிட்டது. காசு கட்டி வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் முடிவையே பார்க்கவில்லை.

செவர்னிடம் பலத்துக்குக் குறைவில்லை, மல்யுத்தத்தில் அனுபவத்துக்கும் குறைவில்லை. அவர் அறிந்த விளையாட்டில், மேலே ஏறிவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. இதில் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

தூக்கி எறிவதற்கு வருகிறேன். 2004-ல் ஜப்பானில் நடந்த ப்ரைடு போட்டியில், முக்கோணப் பூட்டு போட முயன்ற ரிக்கார்டோ அரோனாவை குவின்டன் ஜாக்சன் அப்படியே தூக்கித் தரையில் அடித்தார். அரோனா நினைவிழந்தார், ஆட்டம் முடிந்தது. அந்த வீடியோவை இன்றும் பசங்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். விளையாட்டு ஜியு-ஜிட்சுவில் பூட்டில் இருந்து தப்பிக்க எதிராளியைத் தூக்கி அடித்தால் தகுதி நீக்கம்தான். தலையும் கழுத்தும் முதலில் தரையில் மோதும் விஷயம் இது.

நம் ஆட்கள் யாராவது இந்த விளையாட்டில் இருக்கிறார்களா என்று கேட்பீர்கள். மலேசியத் தமிழர் அகிலன் தாணி இருக்கிறார். எடை குறைக்க ஜிம்முக்குப் போன பையன், ஜியு-ஜிட்சு மேட்டுக்கு வந்து, அங்கிருந்து எம்.எம்.ஏ வீரரானார். 2017 மே மாதம் சிங்கப்பூரில், ஒன் சாம்பியன்ஷிப் பட்டத்துக்காக பென் ஆஸ்க்ரனை எதிர்த்து இறங்கினார். முதல் ரவுண்டிலேயே தரையில் கழுத்து மாட்டித் தோற்றார். இரண்டு வருஷம் கழித்து, 2019 ஜூனில் ஷாங்காயில், யோஷிஹிரோ அகியாமாவை நடுவர்கள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லும்படி வென்றார். அகியாமா சாதாரண ஆள் இல்லை, 2002 ஆசிய விளையாட்டு ஜூடோவில் தங்கம் வாங்கியவர்.

ஆசிய விளையாட்டில் 2018-ல் இருந்து ஜியு-ஜிட்சுவும் ஒரு போட்டி. ஹாங்சோவில் 2023-ல் நடந்தபோது இந்தியாவும் கலந்துகொண்டது, பதக்கம் கிடைக்கவில்லை. இதில் முன்னால் நிற்கும் நாடுகளில் ஒன்று ஐக்கிய அரபு அமீரகம். அபுதாபியில் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இந்த விளையாட்டு இருக்கிறது. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு இருக்கிறதா என்ன? லீவுக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளை, தாத்தா வீட்டுக் கூடத்தில் மாமா பையனைக் காலால் பூட்டினால் ஆச்சர்யப்படாதீர்கள். ஆனால், கொஞ்சம் கவனியுங்கள்.

ஏனென்றால், மேட்டில் நடப்பது வேறு, ரீல்ஸ் பார்த்துவிட்டு சிமென்ட் தரையில் நடப்பது வேறு. கழுத்தைத் தொடும் எந்தப் பிடியையும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் குழந்தைகள் செய்யக் கூடாது. புளியறைப் பட்டாசலிலும் அன்று கழுத்து இறுகும் முன்பே தங்கை பிடியை விட்டுவிட்டாள். தம்பி தட்டியது மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததால்தான்.

பிள்ளைகளைச் சேர்த்துவிட நினைக்கும் பெற்றோர், ஃபீஸ் கேட்பதற்கு முன்னால் ஒரு வகுப்பை முழுசாக உட்கார்ந்து பாருங்கள். யாராவது தட்டினால் உடனே விடுகிறார்களா, இல்லை ஒரு நொடி கூடுதலாக இறுக்கிச் சிரிக்கிறார்களா? அதிலேயே பாதி தெரிந்துவிடும். பெண்களுக்குப் பெண்கள் சோடி கிடைக்கிறார்களா, வேண்டாம் என்று சொன்னால் அதை மதிக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மேட்டைத் தினமும் துடைக்கிறார்களா என்றும் பாருங்கள். உடம்போடு உடம்பு உரசும் விளையாட்டு என்பதால் படர்தாமரை ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு வேகமாகத் தொற்றும். நகம் வெட்டாமல் உள்ளே விடும் இடமாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

சித்தி இப்போதைக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அடுத்த மாதம் திருவனந்தபுரம் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பாளாம். பார்த்த பிறகுதான் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் பேச்சு. தங்கைக்கு இதில் பெரிய சந்தோஷம் இல்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. "பெண்கள் வகுப்பு இருக்க நாளாப் பாத்துக் கூட்டிட்டுப் போணும்க்கா" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். எல்லா நாளும் அப்படி இருக்காது என்பதையும் சித்தியிடம் சொல்லிவிடு என்றேன். சொன்னாளா என்று தெரியவில்லை.

கடைசியாக, தட்டுவது பற்றி. பூட்டு விழுந்துவிட்டது, பிரிவு கைகூடவில்லை என்றால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். அவர் விட்டுவிட வேண்டும். வலி வந்த பிறகு தட்டலாம் என்று காத்திருந்தால் முழங்கையும் தோளும் அதற்குள் சேதமாகிவிடும். இரண்டு கையும் மாட்டியிருந்தால் வாயால் 'டேப்' என்று சொல்லலாம். வாயும் முடியாத நிலை என்றால் காலால் தரையைத் தட்டலாம். விதிப்படி மூன்றும் ஒன்றுதான்.